திருத்தம்

புரட்டாசி பிறந்துவிட்டால்
என் மேஜையில் அழைப்பிதழ்கள் குட்டி போடும்.
"இன்று நகரில்."
ஐந்தாம் பக்கம், இடது மூலை, பதினெட்டு வரி.
அதற்குள் திருநெல்வேலியை நான் ஏற்றியாக வேண்டும்,
முன்பதிவில்லாப் பெட்டிக்குள்
ஒரு கல்யாணக் கூட்டம் ஏறுவதுபோல்.

டவுன் கீழரத வீதியில் வில்லுப்பாட்டு, ஆறரை.
பேட்டையில் சனியன்று பட்டிமன்றம், தலைப்பு பின்னர்.
பொருட்காட்சியில் மரணக்கிணறு, மழையென்றால் இல்லை.
சமாதானபுரத்தில் கொலுப் போட்டி, முதல் பரிசு குக்கர்.
நடுவர் பெயர் கட்டாயம் வரவேண்டுமென்று
நடுவரே இரண்டு தடவை போன் செய்தார்.

இவற்றில் ஒன்றுக்கும் நான் போனதில்லை.
ஆறரைக்குத்தான் எனக்கு மறுநாள் தொடங்கும்.

அன்றைக்கு நாலு மணிக்கு ஒரு குரல்:
"நாளைக்குல்லா நான் வாசிக்கேன்?
இன்னைக்குன்னு போட்டிருக்கியளே."
பாளையங்கோட்டை, நூலக மாடி, புல்லாங்குழல்.
புதன் என்று இருந்ததைச்
செவ்வாய் என்று அடித்தது என் விரல்தான்.

மேஜையை அப்படியே விட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.
வண்ணார்பேட்டைப் பாலம் ஏறும்போதே
மேற்கே மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது.
காற்று வண்டியை ஒரு பக்கமாய்த் தள்ளியது.

மாடிப்படியில் காவலாளி பரமார்த்தலிங்கம்
சாவிக்கொத்தோடு நின்றார்.
"பதினோரு பேரு வந்திருக்காவ. நீங்க பன்னெண்டு.
எந்தக் கூறுகெட்டவன் போட்டான் பேப்பர்ல?"
"தெரியலையே" என்றேன்.

அப்படித்தான் நானும் ஒரு ரசிகை ஆனேன்.

ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஞானதிரவியம்.
கடையைப் பாதியில் சாத்திவிட்டு
மேலப்பாளையத்திலிருந்து வந்த
வாட்ச் ரிப்பேர் சேகு மீரான்.
டியூஷனுக்கு டிமிக்கி கொடுத்த இரண்டு பெண்கள்.
கைப்பிள்ளையோடு ஒருத்தி:
"குழல் கேட்டா இவன் தூங்குவான்னு வந்தேன்."
மற்றவர்கள் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டால் என் பெயரையும் கேட்பார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது.
யாரும் கலையவில்லை. கலைய வழியில்லை.

அப்போது படியேறி வந்தாள் காளி.

குலசைக்கு மாலை போட்ட இசக்கிப்பாண்டி,
காணிக்கை பிரிக்கப் போன கூட்டத்தைத் தவறவிட்டு
முகச்சாயம் கழுத்துக்கு இறங்க நின்றான்.
கதவு சிறிது.
ஆறு கைகளைக் கழற்றிச்
சுவரில் சாத்திவைத்துவிட்டு உள்ளே வந்தான்.
"போனுக்குச் சார்ஜ் போட எடம் இருக்கா அண்ணாச்சி?"
"கரண்டே இல்லையே தாயே" என்றார் பரமார்த்தலிங்கம்.
மாலை போட்டவனை வேறெப்படிக் கூப்பிடுவது.

கிரீடத்து பல்புகள் முந்தாநாளே அணைந்துவிட்டனவாம்.
மீரான் சட்டைப்பையிலிருந்து
ஒரு குட்டித் திருப்புளியை எடுத்தார்.
பல்லால் வயரைச் சீவினார்.
பிள்ளைக்காரி போனில் வெளிச்சம் பிடித்தாள்.
டியூஷன் பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து
"பேட்டரிய மாத்தி மாட்டியிருக்கு" என்றாள்.

சிவப்பு. பச்சை. சிவப்பு.
பாதி பல்புதான் எரிந்தது.
எங்கள் முகங்கள் வந்து வந்து போயின.
காளி மெல்ல உறுமிக் காட்டினான்.
பிள்ளை வீறிடும் என்று எல்லாரும் பார்த்தோம்.
அது கொட்டாவி விட்டது.

மழை வெறித்ததும்
பழக்க தோஷத்தில் ஞானதிரவியம் எழுந்து
நன்றியுரை சொன்னார்.
மண்டபம் தந்த நூலகத்துக்கு,
வருகை தந்த அம்பாளுக்கு,
"நம்மளச் சரியான நேரத்துக்குக் கொண்டாந்து சேத்த
பத்திரிகைக்கும்."
எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

உண்டியலில் ஐம்பது ரூபாய் போட்டேன்.
"இவ்வளவு எதுக்குக்கா?"
டிக்கெட் என்று சொல்ல வாய் வரவில்லை.
ஆறு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு
மிச்சமிருந்த ஒன்றால் குங்குமம் வைத்தான்.

ராத்திரி பத்தரைக்கு எழுதினேன்:
நேற்றைய பட்டியலில் செவ்வாய் என வந்தது தவறு.
புல்லாங்குழல் இன்று மாலை ஆறரைக்கு.

வருந்துகிறோம் என்ற சொல்லை
நான் எழுதவில்லை.
கோமதிநாயகம் சார் சேர்த்துவிட்டார்.

பேட்டைக்காரர்கள்
இன்னும் தலைப்பு அனுப்பவில்லை.